மேகத்துக்கு வளைகாப்பு

எங்கள் பக்கத்தில் சூல் என்ற சொல்லைப் பசுவுக்கும் பயிருக்கும் மேகத்துக்கும் ஒன்றுபோலவே சொல்வோம். உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். செல்லையாவின் நெல் சூல்கட்டித் தண்ணீரில்லாமல் துவண்டபோது, ஒரு கறுத்த மேகம் வந்து வயலுக்கு மேல் நின்றது. நகரவுமில்லை, பெய்யவுமில்லை.

“நெறசூலி தேடி வந்து நிக்கா. வளையல் போடுவோம்” என்றாள் அவர் மனைவி மாடத்தி.

“மேகத்துக்குக் கை எங்கட்டீ இருக்கு?”

“ஒமக்கு மூளை இருக்குல்லா, அது மாதிரி எங்கயாவது இருக்கும்.”

நான்தான் தென்னையில் ஏறி, தொரட்டியால் பச்சை வளையல்களை மாட்டிவிட்டேன். மேகம் வெட்கப்பட்டு நாலு துளி சிந்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். உடனே அது கிழக்கே கடலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

“எங்கட்டீ போறா?” என்று செல்லையா வரப்பில் ஓடினார்.

மாடத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “வளைகாப்பு முடிஞ்சா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான போவா...”

கடலில் நல்ல மழையாம், மீன்காரர் சொன்னார். செல்லையா கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார், எல்லாமே பதராய்ப் பறந்தது. மாடத்தி மட்டும் தினமும் ஆரத்தி கரைத்து வைக்கிறாள், பிள்ளையோடு திரும்பி வருகிறவளுக்கு.