வெரளிக்காய்ப் பச்சை

போனில் நீலச் சரி இரண்டு விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

அபூதாஹிர் போனை அந்தப் பழைய ஆமி லொறியின் மட்காட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அனுப்பிய படத்தில் லொறியின் இடப்பக்கக் கதவு. பிறைமர் பூசிய சாம்பல் தகட்டின் நடுவில் உள்ளங்கையளவு ஈரப் பச்சை.

'ஒலிவ் பச்சை கலந்தனான். சரியா மகள்?'

டோஹாவில் இருக்கிற ஹுஸ்னியாவின் கண் அப்படிப்பட்டது. குறிஞ்சாக்கேணியில் இந்த வளவுக்குள் வளர்ந்தவள். எந்தப் பெயின்டுக்குள் கறுப்பு கூடிவிட்டது, எதற்குள் மஞ்சள் போதாது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவாள்.

இப்போது அதை மட்டும்தான் சொல்கிறாள்.

அவள் விரும்பிக் கட்டிய மாப்பிள்ளையைப் பற்றி வாய் தவறி ஒரு சொல் சொன்னார் அபூதாஹிர். அன்றோடு அவள் 'வாப்பா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

'சாப்பிட்டியா மகள்?' என்று கேட்டால் நீலச் சரி. 'பெருநாளைக்கு வருவியா?' என்றால் நீலச் சரி.

லொறியின் நிறத்தைக் கேட்டால் பதில் வரும். 'கறுப்பு கூட.' 'இன்னும் மங்கல்.' அவ்வளவுதான். வாப்பா இல்லை.

மனைவி மௌத்தான பிறகு அந்த வளவில் அவரும் லொறியும் மட்டும்தான். லொறியும் போகப்போகிறது.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

பெயின்ட் அடிக்க லொறியைக் கொண்டுவந்து விட்டவன். உப்புவெளியில் ஹோட்டல் நடத்துகிற இராகுலன்.

"நானா, லொறிக்கு நிறம் பாக்கிறீங்களா, பொம்பிளை பாக்கிறீங்களா? எத்தினை மாதம்! வெள்ளிக்கிழமை அது என்ர வாசல்ல நிக்கோணும். இல்லாட்டி வேற பெயின்ட் பாஸைப் பிடிச்சு முடிப்பன், சொல்லிப்போட்டன்."

"ஒலிவ் பச்சை லேசில அம்பிடாது தம்பி. முடிச்சுத் தாறன்."

வைத்தார். அந்த நொடியில் போன் மறுபடி சிணுங்கியது.

குரல் பதிவு. ஹுஸ்னியா!

இவ்வளவு காலமும் எழுத்துத்தான் வந்தது. குரல் வந்ததில்லை. விரலில் இருந்த பெயின்டைச் சாரத்தில் துடைத்துவிட்டு அழுத்தினார்.

முதலில் சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு.

"என்ன வாப்பா இது? ஒலிவ் எண்டா ஸ்கூல் கேட்டடியில அச்சாறு போட்டு விக்கிற வெரளிக்காயா? ஆமிக்காரன்ட ஒலிவ் ஸைத்தூன் வாப்பா, ஸைத்தூன்! நோன்பு திறக்கக்குள்ள இங்க பேரீச்சம்பழத்தோட வைக்கிற காய். ரெண்டையும் ஒலிவ் எண்டு சொன்னா ஒரே நிறமா?"

மறுபடி சிரிப்பு. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஸைத்தூன் நிறமா கலந்து, மற்றப் பக்கக் கதவில வெயில் படுற இடத்தில பூசி அனுப்புங்க. நான் பாத்துச் சொல்றன். அது சரியெண்டா முடிஞ்சுது."

அபூதாஹிர் அதைத் திரும்பக் கேட்டார். வாப்பா என்று வருகிற இடத்தில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, இன்னொருமுறை கேட்டார்.

கடைசி வார்த்தையில் நின்றார். முடிஞ்சுது.

தூரிகையையும் டின்னையும் எடுத்துக்கொண்டு லொறியைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். களப்புப் பக்கத்து வெயில் அங்கே பளீரென்று விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் முழுவதையும் அவர் எப்போதோ பூசி முடித்திருந்தார்.

கதவு, மட்காட், பின்பெட்டி எல்லாம் ஒரே சீர். காய்ந்து இறுகிப் பல நாளாகிவிட்டது. சீட்டைக் கழற்றியபோது அடியில் வெயில் படாமல் கிடந்த பழைய தகட்டின் நிறம் எதுவோ, அச்சொட்டாக அதே நிறம்.

ஸைத்தூன்.

அபூதாஹிர் அந்தக் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார். இவ்வளவு நன்றாக இதுவரை எதுவும் அமைந்ததில்லை.

பிறகு வெரளிக்காய்ப் பச்சை டின்னுக்குள் தூரிகையை முக்கினார்.