மேற்கு வாசல்

மார்கழி முதல் தேதி, காலை ஆறு மணி. வரப்பு வளையில் நாற்பது எலிகள் கூடின. பொது நெல்லைப் பங்கிடும் தலைவர் மீசையன். அன்று ஆண்டுத் தேர்தல்.

முறை எளிது. தலைவர் பதவிக்கு நிற்பவர் வேண்டும் என்பவர்கள் கிழக்கு வாசல் வழியாக வெளியேற வேண்டும், வேண்டாம் என்பவர்கள் மேற்கு வாசல் வழியாக.

அன்று மேற்கு வாசலைச் சேறு அடைத்திருந்தது.

“என்ன தோழர் இது?” என்று மீசையனைக் கேட்டாள் சுண்டி என்ற எலி.

“பராமரிப்பு வேலை,” என்றார் மீசையன். “எல்லோருக்கும் வயிறு நிறைய நெல் கிடைக்கிறது. பிறகு அந்த வாசல் எதற்கு?”

“வயிறு நிறைந்திருப்பதால்தான் தோண்டத் தெம்பிருக்கிறது, தோழர்!”

வளையே சிரித்தது. சேறு பறந்தது. பெரும்பாலோர் மேற்கே வெளியேறினார்கள்.

மதியம், பதவி இழந்த மீசையன் நெல் வரிசையில் நின்றார். எல்லோருக்கும் கிடைத்த அதே பங்கு நெல் அவருக்கும் கிடைத்தது.

அடுத்த மார்கழி முதல் தேதி அவர் மீண்டும் போட்டியிட்டார். இரண்டு வாசல்களும் திறந்திருந்தன. அவர் வென்றார்.