மிஸ் ஓடெல் உட்காராத ஸ்டூல்

"கேஸ் போட்டது அவங்க, ஜெயிச்சது அவங்க. ஜெயிச்ச பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கடையில உட்கார்ந்து ஒரு காபி குடிச்சிருப்பாங்களா? கேளுங்க, இங்கதானே உட்கார்ந்திருக்காங்க!"

வெர்னா சொன்னது அப்படியே இதுதான். ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, கோயில் ஹாலில், ஃபாதர் காதுபடவே சொன்னாள்.

விஷயம் இதுதான். மெயின் தெரு மருந்துக்கடையை இடிக்கிறார்கள். உள்ளே இருந்த சாப்பாட்டுக் கவுண்டரும் சுழலும் ஸ்டூல்களும் மியூசியத்துக்குப் போகின்றன. ஒரு காலத்தில் கறுப்பர்களான நாங்கள் அந்தக் கடையில் ஆஸ்பிரின் வாங்கலாம். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக் கூடாது. நியூ ஆர்லியன்ஸ் ஃபெடரல் கோர்ட் வரை போய் அதை மாற்றியவர் மிஸ் ஓடெல் மெட்டோயர். சனிக்கிழமை மேயர் வருகிறார். முதல் ஸ்டூலில் மிஸ் ஓடெலை உட்காரவைத்துப் போட்டோ எடுப்பதாக ஏற்பாடு.

வெர்னாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கேஸுக்கு முன்னாடி, தடையை மீறி அந்தக் கவுண்டர்ல உட்கார்ந்ததுக்கு வெள்ளைக்காரப் பசங்க என் தலையில கெட்சப்பைக் கவுத்தினானுங்க. ஈஸ்டருக்குத் தைச்ச கவுன், நாசமாப் போச்சு. அப்புறம் ஜெயில் வேற. அவ்வளவுக்குப் பிறகும், தீர்ப்பு வந்த மறுநாளே நான் அங்க போய் உட்கார்ந்தேன். இவங்க வரலை."

"விடு, வெர்னா," என்றார் அல்சீட். சனிக்கிழமை விழாக் கமிட்டியின் தலைவர். ஓய்வு பெற்ற தபால்காரர். யாராவது குரலை உயர்த்தினாலே நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார்.

"எதுக்கு விடணும்? கடைக்காரன் எதையோ கையில அழுத்திட்டான், அதான் அந்தப் பக்கமே வரலைன்னு ஊரே பேசிச்சு. நீங்களும்தான் பேசினீங்க, தபால் பையோட வீடு வீடா!"

அல்சீட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் வாங்கலைன்னு இப்ப ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த ஸ்டூலை நானே துடைச்சுப் போடறேன். இல்லையா, போட்டோவுல வேற யாராவது உட்காரட்டும்."

மிஸ் ஓடெல் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அல்சீட்தான் பேச்சை மாற்றினார். "அந்தக் கவுண்டர் சாப்பாடு அப்படி என்ன ஒசத்தி? காய்ஞ்ச ரொட்டிக்கு நடுவுல ஒரு துண்டு சீஸ். சாப்பாடுன்னா, பின்தெருவுல நம்ம ஜனத்துக்குன்னு இருந்த மிஸ் யூஃப்ரேசி கடை."

அவ்வளவுதான், ஹாலே இளகிவிட்டது.

"ஐயோ, அந்த கம்போ!" என்றது யார் தெரியுமா? வெர்னாவேதான். "இறாலும் நண்டும் போட்டு, கொதிக்கக் கொதிக்க சோத்து மேல ஊத்துவாங்களே. கதவைத் திறக்கும்போதே வாசனை மூக்கைப் பிடிச்சு இழுக்கும்."

"சனிக்கிழமை ஆனா மேசையெல்லாம் ஓரம் தள்ளிட்டு ஆடுவோம்," என்றார் அல்சீட்.

"நீங்க ஆடினதுக்குப் பேரு ஆட்டமா? பாவம், மிஸ் யூஃப்ரேசி கண்ணாடி டம்ளரையெல்லாம் முதல்ல எடுத்து உள்ள வெச்சுடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதர்கூட.

"ஜெயில்லேர்ந்து வந்த அன்னைக்கு எங்களை உட்காரவெச்சு சோறு போட்டதும் அவங்கதான்," என்றாள் வெர்னா. குரல் இறங்கிவிட்டிருந்தது. "சமையல்கட்டுத் தொட்டியில என் தலையைப் பிடிச்சு அவங்களே அலசிவிட்டாங்க. எங்கம்மா மாதிரி. எப்பேர்ப்பட்ட கடை! ஏன்தான் மூடினாங்களோ."

ஸ்பூன் நின்றது.

"கேஸ் ஜெயிச்ச ரெண்டாம் வருஷம் மூடினா," என்றார் மிஸ் ஓடெல். அதுவரை வாயே திறக்காதவர். "தீர்ப்பு வந்த மறுநாள் மத்தியானம் நானும் மருந்துக்கடைக்குத்தான் கிளம்பினேன். நல்ல தொப்பியா எடுத்து வெச்சுக்கிட்டு. வழியில யூஃப்ரேசி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. உள்ள ஒரு ஆள் இல்லை, எல்லாரும் மருந்துக்கடைக்குப் போயிட்டாங்க. அடுப்புல பானை நிறைய கம்போ. சரி, இன்னைக்கு இங்க சாப்பிடுவோம், நாளைக்கு அங்க போயிக்கலாம்னு உட்கார்ந்தேன்."

ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மறுநாளும் யாரும் வரலை. என்னை ஜன்னலோரமா உட்காரவெச்சா. தெருவுல போறவங்களுக்கு உள்ள ஆள் இருக்கற மாதிரி தெரியணுமாம். மூடுற வரைக்கும் தினம் அதே மேசைதான் எனக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ் ஓடெல்," என்றாள் வெர்னா. இவளுக்கு இவ்வளவு சின்னக் குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"எப்படிடீ சொல்லுவேன்? அந்த ஸ்டூல்ல சுத்திச் சுத்தி மில்க்‌ஷேக் குடிச்சீங்க, சின்னப் பசங்க, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அதுக்காகத்தானே கோர்ட்டுக்குப் போனேன்? அதை நானே கெடுக்கவா?"

கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"சனிக்கிழமை வர்றேன், அல்சீட். ஆனா அந்த ஸ்டூல் எனக்குப் பழக்கமில்லை. யூஃப்ரேசி கடையில மஞ்சப் பெயின்ட் அடிச்ச மர நாற்காலி இருக்குமே, மூடினப்போ எல்லாத்தையும் தெருவுல போட்டு வித்தா. அதுல ஒண்ணு யார் வீட்டுலயாவது இருந்தா கொண்டு வாங்களேன். அதுல உட்கார்ந்துக்கிறேன்."

அல்சீட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யார் கையும் உயரவில்லை. வெர்னா தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போதும்," என்றார் மிஸ் ஓடெல்.