எதிர்க் கடைக்குப் போங்கள்

"சூப் ஆறிப்போயிருந்தது. மீனில் உப்பு தூக்கல். வயிற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் எதிரே இருக்கும் கண்ணாடி ரெஸ்டாரண்டுக்குப் போங்கள்."

திரையில் இதைப் படித்த போட்டோக்காரனுக்குத் தலை கிறுகிறுத்தது. வேறு ஏதாவது கடையாக இருக்குமோ என்று தலைப்பைப் பார்த்தான். இல்லை, நேற்றுப் போன அதே சின்னக் கடைதான்.

வாரப் பத்திரிகையில் 'எங்கே சாப்பிடலாம்?' பக்கம் எழுதுகிறவருக்கு ஆபீசில் நாக்கக்கா என்று பெயர். அவர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் அந்தக் கடையில் நிற்க இடம் கிடைக்காது. இல்லை என்றால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கூடப் போய்ப் படம் எடுப்பதும், பக்கத்தை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவதும் போட்டோக்காரன் வேலை.

இந்த வாரம் பணக்காரத் தெரு. இரண்டு பக்கமும் மரங்கள், ஆள் உயரத்துக்கு மேல் கேட்டுகள். உள்ளே வீடு இருக்கிறதா என்றே தெரியாது.

கூட்டமில்லாத சாயங்காலமாகப் பார்த்துத்தான் சின்னக் கடைக்குப் போனார்கள். நாக்கக்கா சூப்பை ஊதி ஊதிக் குடித்ததை இவன் கண்ணால் பார்த்தான். ஆறிப்போன சூப்பை யாராவது ஊதுவார்களா? கடைசியில் ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கடைக்காரம்மாவிடம் வெகுநேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

கூத்து நடந்தது எதிரே கண்ணாடி ரெஸ்டாரண்டில்தான். மீன் வேகவே இல்லை. நாக்கக்கா ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார். அப்படியும் மானேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு கார் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, கடைப் பேரை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"சின்னக் கடை மோசம், கண்ணாடிக் கடை ஓகோன்னு இருக்கு..."

"சரியாத்தான் இருக்கு."

"நீங்க தட்டையே வழிச்சு சாப்பிட்டீங்களேக்கா!"

"பக்கத்தைப் போடுறது உன் வேலை. என் தட்டைப் பாக்குறது உன் வேலை இல்ல." கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவுக்கு நாக்கு செத்துப்போச்சா? கடைக்காரம்மாவோடு ஏதாவது சண்டையா? அந்த மானேஜரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. 'நல்லா கவனிச்சிருப்பாங்களோ?' என்று தோன்றிய உடனே அவனுக்கே அசிங்கமாக இருந்தது. இந்த ஆபீசில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒரே ஆள் நாக்கக்காதான்.

மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு? அப்படியே அனுப்புங்க."

"அந்தம்மா கடை படுத்துடும்மா. பாவம், ஒண்டி ஆளா அடுப்புல நிக்கிறாங்க."

"அப்போ மாத்திடுங்க."

"என் வேலை போயிடும்."

"அப்போ மாத்தாதீங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சுட்டு வீட்டுக்கு வாங்க, பால் பொங்குது." வைத்துவிட்டாள்.

நாக்கக்கா எழுதியதை அழித்தான். இந்தத் தெருவில் சாப்பிட உருப்படியான இடம் இது ஒன்றுதான் என்று தானே எழுதினான். யாரிடமும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டான்.

பத்திரிகை வந்த அன்று மதியம் மனசு கேட்காமல் அந்தத் தெருவுக்கே போனான். நாக்கக்கா காலையிலிருந்து விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். திட்டத்தான் இருக்கும் என்று அவன் எடுக்கவில்லை.

சின்னக் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. கூலிங் கிளாஸ்கள், வாசனைத் திரவியங்கள், தட்டுக்கு நேரே நீட்டிய போன்கள். அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. வேலை போனால் போகட்டும் என்று கூடத் தோன்றியது.

பின்பக்கமாக அடுப்படிக்குள் நுழைந்தான். கடைக்காரம்மா வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னம்மா, கூட்டம் அள்ளுது!"

"உங்க அக்காவா தம்பி இப்படிப் பண்ணினாங்க? என்னால நம்பவே முடியல."

அப்படியென்றால் அன்றைக்கே இவரிடம் மோசமாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாரா? அவனுக்கு மறுபடியும் குழம்பியது. ஆனாலும் நல்லது செய்தவன் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பான்?

"அக்கா வேற மாதிரிதான் எழுதியிருந்தாங்க. நான்தாம்மா மாத்திட்டேன்."

கடைக்காரம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அழப்போகிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வரிசையின் கடைசியில் யூனிஃபார்மோடு ஒரு டிரைவர், வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸ், வீட்டுவேலை செய்யும் இரண்டு பெண்கள். வாட்ச்மேன் ஒருவர் மணியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சாப்பிடாமலே கேட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார்.

"இந்தப் பங்களாக்கள்ல வேலை பாக்குறவங்க தம்பி. இந்த ஏரியாவுல அவங்க உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு இந்தக் கடையை விட்டா வேற நாதி கிடையாது. போன மாசம் யாரோ வீடியோ போட்டாங்க, அதுலேர்ந்து அவங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான், 'எப்படியாவது இந்தக் கூட்டத்தை எதிர்க் கடைக்குத் திருப்பி விடுங்க, என் சாப்பாடு வாயில வைக்க வெளங்கலன்னு எழுதுங்க'ன்னு அக்காகிட்ட கெஞ்சிக் கேட்டதே நான்தான் தம்பி."