பம்பரத்தின் சாட்சி

"என் முகத்தைப் பாக்காதே. மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லு. சரியா?"

"சரி டீச்சர்" என்றான் பம்பரம், டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து.

ஓய்வுபெற்ற டீச்சர் மூடியிருந்த கதவைப் பார்த்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பழக்கப் பயிற்சியை அடுத்த ஆண்டு முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கலாமா என்று முடிவெடுக்கும் குழு உள்ளே கூடியிருந்தது. பயிற்சி பெற்றவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்று இவனை அழைத்து வந்தவள் அவள்தான். எத்தனையோ குழந்தைகளின் தலையெழுத்து இவன் நாக்கு நுனியில் இருந்தது.

ஐந்து வயதில் அவளிடம் வந்தபோது, சந்தோஷமானாலும் பயமானாலும் நின்ற இடத்திலேயே கிறுகிறுவெனச் சுற்றுவான். அப்படி வந்த பெயர்தான் பம்பரம். சுற்றாமல் உட்கார்ந்தால் ஒரு காய்ந்த திராட்சை. கண்ணைப் பார்த்துப் பேசினால் ஒன்று. மாட்டேன் என்று முரண்டு பிடிக்காவிட்டால் இன்னொன்று. தலையால் தண்ணீர் குடித்துத்தான் பம்பரத்தை நிறுத்தினாள். பெற்றவர்கள் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சொன்ன சொல் தட்டாத பிள்ளை என்று பெயர் வாங்குவது லேசான காரியமா? இப்போது அவன் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறான்.

நடைவழியில் அவன் கெந்துவதை அப்போதுதான் கவனித்தாள். புது ஷூ.

"கடிக்குதாப்பா?"

"நல்லாயிருக்கு டீச்சர்."

குனிந்து பார்த்தாள். குதிகாலில் சாக்ஸ் சிவந்திருந்தது. கழற்றச் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

குழுத் தலைவர் தன்மையான மனிதர். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவசரமில்லை, யோசித்துச் சொன்னால் போதும் என்றார். பிறகுதான் கேட்டார்.

"சின்ன வயசுல டீச்சர் குடுத்த பயிற்சி எப்படித் தம்பி இருந்துச்சு?"

டீச்சர் தன் கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள். சொல்லிவிடு கண்ணா என்று மனசு கெஞ்சியது.

பம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைவரின் கண்ணைப் பார்த்தான்.

"நல்லாயிருந்துச்சு சார்."

அறை முழுக்கக் கைதட்டல். உறுப்பினர்களில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். தலைவர் ஃபைலை மூடிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பழக்கின பிள்ளையே இப்படிச் சொல்றான். அப்புறம் எதுக்கும்மா இந்தப் பயிற்சியே வேண்டாம்னு மனுப் போட்டீங்க?"

வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல இவனுக்குக் கற்றுக்கொடுக்காமல் போனேனே என்று நினைத்தபடி அவன் சிவந்த சாக்ஸைப் பார்த்தாள்.

பம்பரம் கெந்திக் கெந்தி வந்து அவள் முன்னால் நின்றான். அவள் கண்ணைப் பார்த்தபடி, திராட்சைக்காக உள்ளங்கையை நீட்டினான்.