நாவலுக்கு வந்த வருத்தம்

வசுமதி வீட்டில் ஒரு தடித்த நாவல் இருந்தது. அதை மடியை விட்டு இறக்காமல் படித்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் காலையில் அதை ஜன்னலோரம் விரித்துவைத்து, செல்போனில் நாலைந்து பக்கங்களைப் படமெடுப்பாள். அதோடு மூடிவிடுவாள்.

நாவலுக்கு மனசு ஆறவில்லை. பக்கத்தில் கிடந்த செல்போனிடம் கேட்டேவிட்டது.

"என்னைப் படிக்கவே அவளுக்குப் பிடிக்கலையா தம்பி? படம் மட்டும் போதுமாமா?"

"படம் அவங்களுக்கு இல்லண்ணே, அவங்க அக்காவுக்கு. ஆபரேஷன் ஆகி வெளியூர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்ல. படத்துல எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிறாங்க. அக்காவுக்கு முன்னாடி முடிவைத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் இவங்க நிறுத்திட்டாங்க."

நாவல் மெல்லக் கேட்டது.

"என்னைப் படிக்கிறப்ப அக்கா எங்கேயாவது சிரிச்சாங்களா?"

"கல்யாண வீட்டை விட்டுச் சமையல்காரர் கோவிச்சுக்கிட்டுப் போறாரே, அங்க. தையல் வலிக்குது, தையல் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே சிரிச்சாங்க."

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே பலத்த காற்று. வசுமதி நாவலை விரித்து வைத்தாள். ஒரு தாளைக்கூடப் படபடக்க விடாமல், படம் தெளிவாக விழும்வரை அது மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.