யாருக்கு எந்த ரூம்

"எனக்குத் தனி ரூம் வேணும்மா. இனிமே தம்பிகூடப் படுக்க மாட்டேன்."

மகள் சொன்னதும் அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என்னடி திடீர்னு?"

"எனக்குப் பன்னண்டு வயசாச்சு. பொம்பளப் பிள்ளையும் ஆம்பளப் பிள்ளையும் ஒரே ரூம்ல படுக்கலாமா?"

அச்சுப் பிசகாமல் பெரியம்மாவின் வசனம். பெரியம்மா, அதாவது இவளுடைய அக்கா, வரும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் போனதில்லை. "கூடப் பொறந்ததுங்க, அதுக்குள்ள என்னக்கா பாகப்பிரிவினை?" என்று இவளும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது மகளே கட்சி மாறிவிட்டாள்.

சரி, சின்னவன் அழுது ஊரைக் கூட்டுவான் என்று பார்த்தால், அவனும் கதவோரம் வந்து நின்றான்.

"ஆமாம்மா. எனக்கும் தனியாத்தான் வேணும்."

பாத்ரூம் போகக்கூட அக்கா வாசலில் காவல் நிற்க வேண்டும், இந்த வீரனுக்கு.

பிள்ளைகளுக்குள் என்ன நடந்தது?

அவனைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டாள். "அக்கா அடிச்சாளாடா?"

"இல்லம்மா."

மகளைத் தனியே கேட்டாள். "தம்பி உன்கிட்ட ஏதாவது தப்பா..."

"சீ, போம்மா. அவன் பாவம்."

பாவம் என்கிறாள், கூடப் படுக்கவும் மாட்டேன் என்கிறாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இனி வீட்டுக்காரரிடம்தான் பேச வேண்டும். அதுதான் சங்கடம்.

வீட்டில் இருப்பது மூன்று ரூம். ஒரு சண்டைக்குப் பிறகு மூன்றாவதான சின்ன ரூமுக்குக் குடிபோனவர், அங்கேயே தங்கிவிட்டார். கேட்பவர்களிடம், "என் குறட்டை அவளுக்கு ஆகாது" என்பார். அந்த மனுஷனுக்குக் குறட்டையே கிடையாது. லிஃப்ட் மெக்கானிக். எங்கெங்கோ நின்றுபோனதையெல்லாம் ஓடவைப்பவர், வீட்டில் மட்டும் நின்றது நின்றபடி இருந்தார்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு." எல்லாமே பிள்ளைகள் வழியாகத்தான். இந்த விஷயத்தை எந்தப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது?

சின்ன ரூம் வாசலில் போய் நின்றாள்.

"ஏங்க."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவியது.

விஷயத்தைக் கேட்டு அவரும் குழம்பிப்போனார். "நேத்துகூட ரெண்டும் குசுகுசுன்னு பேசிச் சிரிச்சிட்டு இருந்துதுங்களே?"

"அதாங்க எனக்கும் புரியல."

"எதுக்கும் கேட்டதைக் குடுத்துடலாம். சின்னவன் இங்க வரட்டும். நான் ஹால்ல படுத்துக்கறேன்."

"ஹால்லயா?" பின்னாலிருந்து மகளின் குரல். "பெரியம்மா வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அவர் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புது வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலத் தயங்கித் தயங்கி அவளுடைய ரூமுக்குப் போனார்.

அவள் சின்னவனுக்குப் படுக்கையைத் தட்டிப் போட்டாள். அவன் கண் பீரோ, ஜன்னல், கட்டிலுக்கடி என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"தனியாப் படுக்க பயமா இல்லையாடா?"

"பயம்தாம்மா," என்றான் அவன். "ஆனா நான் அக்கா ரூம்லயே இருந்தா, அப்பா எப்பம்மா உன் ரூமுக்கு வருவாரு?"